மாதிரிப் படகுக்கு நீர்க்கரைப் பீடம்: ரெசினா, ஜெல்லா, காகிதமா, வெறும் சேறா?

படகு முடிந்துவிட்டது. பலகை பலகையாக ஒட்டி, கயிறு கட்டி, கடைசியாகத் துடுப்பையும் உள்ளே சாய்த்து வைத்தாகிவிட்டது. இரண்டு முளைகளின் மேல் தூக்கி நிறுத்திப் பார்த்தால், இத்தனை மாத உழைப்பும் அலமாரியில் வைத்த பொம்மையாகத் தெரிகிறது. தண்ணீரில் விட்டால்தான் இது படகு என்று தோன்றுவது அப்போதுதான். அந்தக் கட்டத்தில் வந்து கேட்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ரெசின் ஊற்றலாமா, ஜெல் தடவலாமா?" (ரெசின் என்பது கெட்டிப்படுத்தியோடு கலந்து ஊற்றினால் கண்ணாடிபோல உறையும் திரவம்; ஜெல் என்பது தடவிக் காயவிட்டால் தெளியும் கெட்டிப் பசை.)

நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். தண்ணீருக்கு அடியில் இருப்பது பார்ப்பவர் கண்ணில் பட வேண்டுமா? படகைப் பின்னொரு நாள் வெளியே எடுக்க வேண்டுமா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் எந்தப் பொருள் என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். பதில் சொல்லாமலேயே ரெசின் வாங்கி வந்து, பிறகு தலையில் கை வைத்தவர்களில் நானும் ஒருவன்.

## முதலில் அளவுகோல்கள்

அடி தெரிய வேண்டுமா. தண்ணீர் என்றவுடன் தெளிவு என்று நினைத்துக்கொள்கிறோம். நிஜத்தில் ஒரு கரையில் நின்று பாருங்கள். கண் தரையிலிருந்து சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. படகு பத்து மீட்டர் தள்ளி நிற்கிறது. பார்வை நீர்ப்பரப்பை ஏறக்குறைய 9 டிகிரி சாய்வில் தொடுகிறது. நேர் மேலிருந்து குனிந்து பார்த்தால் நீர்ப்பரப்பு ஒளியில் 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். 10 டிகிரிச் சாய்வில் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதனால்தான் தூரத்துத் தண்ணீரில் நாம் பார்ப்பது அடித்தரையை அல்ல, வானத்தை. அதோடு ஆற்றிலும் துறைமுகத்திலும் கலங்கல் வேறு சேர்ந்துகொள்கிறது. ஆக, ஆழமான துறையில் நிற்கும் படகுக்குத் தெளிவான தண்ணீர் தேவையே இல்லை. நல்ல நிறமும் நல்ல பளபளப்பும் போதும். முழங்கால் ஆழக் கரையோரம், கூழாங்கல் தெரியும் ஓடை, படித்துறையின் கடைசி இரண்டு படிகள் நீருக்குள் இறங்குகிற இடம் ஆகியவற்றுக்குத்தான் தெளிவு வேண்டும்.

படகு திரும்ப வர வேண்டுமா. கயிறு அறும், தூசி படியும், பாய்மரம் சாயும். பழுது பார்க்கப் படகைக் கையில் எடுக்க முடியாவிட்டால் பீடத்தோடு சேர்த்துக் கவிழ்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். அடிப்பகுதியின் வளைவுக்காகவே மாதக்கணக்கில் பலகை வளைத்து ஒட்டியவர் அதை நிரந்தரமாகப் புதைப்பதற்கு முன் ஓர் இரவு யோசிப்பது நல்லது.

அளவுவிகிதம். இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. துறையில் சாதாரணமாக எழும் 30 சென்டிமீட்டர் அலை, 1:35 மாதிரியில் 8.6 மில்லிமீட்டர், 1:72-இல் 4 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், 1:700-இல் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கையில் ஜெல் இருக்கிறதே என்று 1:72 படகைச் சுற்றி விரல் தடிமனுக்கு அலை எழுப்பினால், அது ஒரு மீட்டருக்கும் மேலான கொந்தளிப்பு. அந்தக் கொந்தளிப்பில் படகுக்குள் மனிதர்கள் அமைதியாக உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருப்பார்கள்!

மணலுக்கும் இதே கணக்குத்தான். நிஜ மணலின் அரை மில்லிமீட்டர்த் துகள் 1:72-இல் 36 மில்லிமீட்டர்ச் சரளைக்கல். "நிஜ மணலையே போட்டேன், ஏன் செயற்கையாகத் தெரிகிறது?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

இடமும் பொறுமையும். தூசி விழாத மூலை, சமதளமான மேசை, காற்றோட்டம், இரண்டு மூன்று நாள் யாரும் தொடாத நிம்மதி. இவை இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா வழிகளுக்கும் எல்லாமும் தேவைப்படாது.

## எப்பாக்சி ரெசின்

அழகில் இதற்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன். கூழாங்கற்களுக்கு மேல் ரெசின் இறங்கி நிற்கும்போது கிடைக்கும் ஆழம் வேறு எதிலும் வராது. நீரில் மூழ்கிய கயிறு, பாசி படிந்த தறிக்கால், சுக்கானின் நிழல் எல்லாம் தெரியும். கரையோரத்தில் வெளிறி, உள்ளே போகப் போக இருளும் நிறமாற்றத்தை அடித்தரையிலேயே தீட்டிவிட்டால், ரெசினே மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

விலை புட்டியின் மேல் எழுதியிருப்பதோடு முடிவதில்லை. 30 க்கு 20 சென்டிமீட்டர்ப் பீடத்தில் ஒரு சென்டிமீட்டர் ஆழம் ஊற்ற 600 மில்லிலிட்டர் வேண்டும். 1:72-இல் இரண்டு மீட்டர் ஆழத்தை நேர்மையாகக் காட்ட நினைத்தால் 28 மில்லிமீட்டர் ஊற்ற வேண்டியிருக்கும், ஏறக்குறைய 1.7 லிட்டர், இரண்டு கிலோவை நெருங்கும் எடை. கையுறை, கலக்கும் கோப்பைகள், துல்லியமான எடைத்தராசு, தூசி மூடி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஒரு வேடிக்கை: ரெசின் தானாகச் சமன்படும் திரவம், கண்ணாடிபோல் தட்டையாகத்தான் உறையும். சிற்றலை வேண்டுமென்றால் அதன் மேல் அக்ரிலிக் ஜெல் தடவியாக வேண்டும். ஜெல் வேண்டாம் என்று ரெசினுக்குப் போனவர் இரண்டையும் வாங்கி முடிக்கிறார்.

வேதிவினை சூடு தரும். மெல்லிய அடுக்கில் அந்தச் சூடு கலைந்துவிடும். தடித்த வார்ப்பில் உள்ளேயே தேங்கும். கலந்த ரெசினைக் கோப்பையில் மறந்து வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கோப்பை வளையும், புகை வரும், உள்ளே இருப்பது மஞ்சளாக விரிசல் விட்டுக் கிடக்கும். அதே சூடு பிளாஸ்டிக் படகின் மெல்லிய உடலையும் வளைத்துவிடக்கூடும். மேசைப் பூச்சுக்கான ரெசின்களைச் சில மில்லிமீட்டர் அடுக்குகளாகத்தான் ஊற்ற வேண்டும். ஆழ்வார்ப்புக்கென்று தனி வகை இருக்கிறது, அது மெதுவாக உறையும். புட்டியில் எழுதியுள்ள அதிகபட்சத் தடிமனைத் தாண்டாதீர்கள். கலவை விகிதம் எடைப்படியா கொள்ளளவுப்படியா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். இரண்டையும் குழப்பினால் என்றைக்கும் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும் ஒரு குளம்தான் மிஞ்சும்.

என் முதல் ரெசின் பீடத்தில் நான்கு பக்கமும் தகடு வைத்து நாடா ஒட்டி அணை கட்டியிருந்தேன். இரவு பத்து மணிக்கு ஊற்றினேன், மட்டம் கச்சிதம். காலையில் பார்த்தால் தண்ணீர் பாதியாக வற்றியிருக்கிறது. மூலையில் ஊசித்துளை அளவு இடைவெளி இருந்திருக்கிறது. மீதி ரெசின் மேசையில் வழிந்து, கீழே விரித்திருந்த செய்தித்தாளோடு கல்லாகிக் கிடந்தது. உளியால் தட்டித்தான் பீடத்தை விடுவித்தேன். ரெசினுக்குத் தெரியாத ஓட்டை கிடையாது. ஊற்றுவதற்கு முன் அணையின் உள்மூலைகள் அனைத்திலும் ஜெல்லோ பசையோ ஓடவிட்டு, ஒரு நாள் காய விடுங்கள்.

இன்னொரு தொல்லை குமிழி. கலக்கும்போது வரும் குமிழியைவிட, பூச்சில்லாத மரத்திலிருந்தும் பிளாஸ்டரிலிருந்தும் மணிக்கணக்கில் ஊறி வரும் குமிழிதான் ஆளைக் கொல்லும். படகின் அடிப்பகுதியில் முத்துமாலைபோல் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அடித்தரைக்கும் படகுக்கும் முதலில் மெல்லிய பூச்சு கொடுத்துத் துளைகளை அடைத்துவிட்டால் இது வராது. குளிர்ந்த அறையில் ரெசின் தேன்போலக் கெட்டியாகிக் குமிழிகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டு புட்டிகளையும் மூடியோடு வெதுவெதுப்பான நீரில் சற்றே வைத்திருந்து கலந்தால் இளகும். ஆனால் இளகிய ரெசின் விரைவாகவும் உறையும் என்பதை நினைவில் வையுங்கள்.

ரெசின் படகின் பக்கவாட்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தொற்றி ஏறுவது தவிர்க்க முடியாதது. 1:72-இல் ஒன்றரை மில்லிமீட்டர் என்பது பத்து சென்டிமீட்டருக்கு மேல்; நீர்க்கோட்டைச் சுற்றிப் படகு கண்ணாடிக் காலர் அணிந்ததுபோலத் தெரியும். உறைந்த பிறகு அந்தப் பட்டைக்குப் பளபளப்பற்ற வார்னிஷ் கொடுத்து, அடியில் ஜெல்லால் சிற்றலை ஓட்டினால் மறைந்துவிடும்.

உறையாத ரெசினும் கெட்டிப்படுத்தியும் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்தால் போகாது. நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். உறைந்ததைத் தேய்க்கும்போது முகக்கவசம் அணியுங்கள். ஆண்டுகள் போகப் போக, வெயில் படும் இடத்தில் ரெசின் மஞ்சளாகும். சன்னலோர அலமாரி இதற்கு ஆகாது.

எப்போது இதுவே சரி: அடித்தரைதான் காட்சியின் உயிர் என்றால். ஆழம் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும் கரையோரம் என்றால் இன்னும் நல்லது. படகு மரத்தாலோ தடித்த பிளாஸ்டிக்காலோ ஆனது, இனி அதை வெளியே எடுக்கப்போவதில்லை என்பதும் உறுதியாக இருக்க வேண்டும்.

## அக்ரிலிக் ஜெல்

ஓவியர்கள் பயன்படுத்தும் பளபளப்பான கெட்டி ஜெல்தான் இது. டப்பாவில் வெள்ளைத் தயிர்போல இருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும். எழுப்பிய வடிவத்தில் நிற்கும். பழைய பிரஷ்ஷால் குத்திக் குத்தி எடுத்தால் சிற்றலை, கத்தியால் இழுத்தால் நீரோட்டம். வாசனை குறைவு, தண்ணீரில் கழுவலாம், பிடிக்காவிட்டால் ஈரமாக இருக்கும்போதே துடைத்தெடுக்கலாம். இந்தக் கடைசி வசதியின் அருமை ரெசினில் கையைச் சுட்டுக்கொண்டவருக்குத்தான் தெரியும்.

நீர் ஆவியாகிக் காய்வதால் ஜெல் சுருங்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஒரே முறையில் தடவினால் மேல்தோல் காய்ந்து, நடுவில் பால்போல வெண்மை தங்கிவிடும். வாரக்கணக்கில் காத்தும் போகாமல் எனக்கு ஒருமுறை சலித்துவிட்டது. மெல்லிய அடுக்குகளாகப் போட்டால் பிரச்சினையில்லை. ஆனால் அடுக்குக்கு ஒரு நாள் என்று வைத்தாலும் ஆழம் காட்டுவதற்குள் மாதம் ஓடிவிடும். ஆழத்துக்கு இது ஆகாது, மேற்பரப்புக்குத்தான் இது ராஜா.

மறைந்திருக்கும் இன்னொரு குறை: அக்ரிலிக் முழுக்கக் காய்ந்த பிறகும் கொஞ்சம் மென்மையாகவே இருக்கும். புழுக்கமான நாட்களில் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வீடு மாறும்போது குமிழி உறையில் சுற்றினால், அந்தக் குமிழிகளின் அச்சு வட்ட வட்டமாகத் தண்ணீரில் பதிந்துவிடும். பெட்டிக்குள் எதுவும் மேற்பரப்பைத் தொடாதபடி அடைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

படகை எடுத்து வைக்க ஜெல் நல்ல வழி விடுகிறது. அடிப்பகுதியை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுருக்கமில்லாமல் சுற்றி, பள்ளத்தில் உட்காரவைத்து, சுற்றிலும் ஜெல் தடவுங்கள். காய்ந்ததும் படகைத் தூக்கித் தாளை உரித்துவிடலாம். படகு பிறகு தன் அச்சிலேயே மறுபடி உட்காரும்.

எப்போது இதுவே சரி: அலையும் ஓட்டமும்தான் முக்கியம், ஆழம் பெயின்டில் வந்துவிடும் என்றால். மற்ற எல்லா வழிகளிலும் கடைசி நடையாக ஜெல் எப்படியும் வந்துவிடும். எனவே ஒரு டப்பா வீட்டில் இருப்பது வீண் செலவில்லை.

## காகிதம், பெயின்ட், வார்னிஷ்

"காகிதமா?" என்று முகம் சுளிப்பவர்களுக்காகவே இந்தப் பகுதியைச் சற்று விரிவாக எழுதுகிறேன். போர்க்கப்பல் மாதிரி செய்பவர்கள் இந்த வழியை நெடுங்காலமாக நம்புகிறார்கள். 1:700, 1:350 அளவில் கடல் என்பது ஒளிபுகாத நிறம்தான். கப்பலின் அடி எப்படியும் தெரியப்போவதில்லை.

இரண்டு விதமாகச் செய்யலாம். முதலாவது, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த வாட்டர்கலர் தாளை நனைத்து, மடித்த துண்டின் மேல் கவிழ்த்து, கரண்டியின் குவிந்த முதுகால் பின்புறமிருந்து அழுத்துவது. மேற்பக்கம் மென்மையான நீண்ட அலைகளாக எழும். காய்ந்தால் அந்த வடிவத்திலேயே விறைத்துக்கொள்ளும். பெரிய அளவு நீர்ப்பரப்புக்கு இது பொருத்தம். இரண்டாவது, டிஷ்யூ காகிதத்தைப் பீடத்தின் மேல் விரித்து, நீர்த்த வெள்ளைப் பசையைப் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைப்பது. பசை ஊறியதும் காகிதம் தானே சுருங்கிக் குறுகுறுவெனச் சிற்றலைகளை எழுப்பும். பிரஷ்ஷின் போக்கில் நகர்த்தினால் காற்றின் திசையையும் காட்டலாம். நம் கை செய்யும் அலையில் எப்போதும் ஓர் ஒழுங்கு வந்துவிடும். காகிதம் செய்யும் அலையில் அது இருக்காது. இதை நான் பெரிதும் விரும்புவதற்குக் காரணமும் அதுதான்.

பசை காய்ந்தபின் ஒரு பூச்சு அக்ரிலிக் வார்னிஷால் அதை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் ஈரப் பெயின்ட் பட்டுப் பசை இளகும். பிறகு நிறம். நீலத்தைத் தொடும் கையைக் கொஞ்சம் அடக்குங்கள். கரையோர நீர் பெரும்பாலும் பழுப்பு கலந்த பச்சை, அல்லது சாம்பல் கலந்த பச்சை. படகின் அருகே அதன் நிழலுக்காக ஒரு படி கருமை, கரையை நெருங்கும்போது தரையின் நிறம் கலந்த வெளிறல். அலையின் முகட்டில் உலர்ந்த பிரஷ்ஷால் மெல்ல வருடி ஒரு வெளிர் நிறம். அதற்கு மேல் பளபளப்பு வார்னிஷ், ஒன்றல்ல, ஐந்தாறு பூச்சு. நான்காவது பூச்சு வரை இது பெயின்ட் அடித்த காகிதமாகத்தான் தெரியும். ஐந்தாவது காய்ந்த காலையில் திடீரென்று ஈரமாகிவிடும்.

பஞ்சுபோல லேசானது, விழுந்தாலும் உடையாது, எந்த நிலையிலும் திருத்தலாம், ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். மறைந்த செலவு நேரம்தான். மூன்று நான்கு நிறங்களைப் பிசிறில்லாமல் கலக்கும் பழக்கம் இல்லையென்றால் முதல் முயற்சி குப்பைக்குத்தான் போகும். ஓர் உள்ளங்கை அளவுத் துண்டில் இரண்டு முறை பழகிவிட்டு வாருங்கள், காகிதம்தானே.

படகை இறக்க, பீடத்தில் நீர்க்கோட்டின் வடிவத்தில் பள்ளம் வெட்ட வேண்டும். அந்த வடிவத்தைப் பிடிக்க எளிய வழி உண்டு. படகைச் சமமேசையில், நீரில் நிற்கும் அதே மட்டத்தில் நிறுத்துங்கள். தேவையான உயரமுள்ள மரக்கட்டையின் மேல் பென்சிலைக் கிடைமட்டமாகக் கட்டி, கட்டையை மேசையில் நகர்த்தியபடி படகைச் சுற்றி வாருங்கள். பென்சில் தொட்ட இடமெல்லாம் நீர்க்கோடு. அதை அட்டையில் எடுத்து, வெட்டி, படகில் மாட்டிப் பார்த்து, சிறிது சிறிதாகச் செதுக்குங்கள். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் ஜெல் அடைத்துக்கொள்ளும்; மூன்று மில்லிமீட்டர் இருந்தால் அட்டையைப் புதிதாக வெட்டுவதுதான் மரியாதை.

எப்போது இதுவே சரி: ஆழமான, கலங்கிய அல்லது திறந்த நீர். சிறிய அளவுவிகிதம். பெரிய பீடம். முதல் பீடம் செய்பவர்.

## வார்ப்பு அக்ரிலிக் தகடு

சிற்றலை அச்சிட்ட தெளிவான தகடுகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. அடியில் பெயின்ட் அடித்து, படகு வடிவத்தில் வெட்டி, பொருத்தினால் ஒரே மாலையில் தண்ணீர் தயார். மஞ்சளாகாது, ஆண்டுகள் நிற்கும். ஆனால் அலையின் அளவைத் தகட்டைச் செய்தவர் முடிவுசெய்துவிட்டார். உங்கள் அளவுவிகிதத்துக்கு அது பொருந்தினால் உங்கள் அதிர்ஷ்டம். அலை படகைக் கவனிக்காது. படகின் முன்முனையான அணியத்தில் மோதுவதில்லை, கரையில் தணிவதில்லை. வெட்டும்போது சூட்டில் தகடு உருகி ரம்பத்தில் ஒட்டும். மெல்லிய பற்களோடு மெதுவாக அறுக்க வேண்டும். நேரமில்லாதவருக்கு, அமைதியான நீருக்கு, பரவாயில்லை.

## புற ஊதா ரெசினும் சிலிகானும்

புற ஊதா விளக்கில் சில நிமிடத்தில் உறையும் ரெசினைச் சிறு வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: படகுக்குள் தேங்கிய மழைநீர், சேற்றில் காலடிக் குழி, வாளியில் தண்ணீர். ஒளி போகாத இடத்தில் அது உறையாது. படகின் அடியிலும் நிறம் கலந்த தடித்த அடுக்கிலும் பிசினாகவே நின்றுவிடும். முழுப் பீடத்துக்கு இதை நம்பாதீர்கள்.

கண்ணாடி ஒட்டும் தெளிவான சிலிகானால் அழகான அலைகள் எழுப்பலாம், விலையும் குறைவு. ஆனால் உறைந்தபின் அதன்மேல் பெயின்ட் பிடிக்காது. உறையும்போது புளிக்காடி வாசனை வரும் வகை உலோகப் பாகங்களை அரிக்கும். நுரைக்கு வெள்ளைகூடத் தீட்ட முடியாத தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

## தண்ணீரே இல்லாத கரை

யாரும் கேட்காத, ஆனால் நான் அடிக்கடி பரிந்துரைக்கும் வழி இது. படகைக் கரையில் ஏற்றிவிடுங்கள். நீர் வடிந்த சேற்றில் ஒருபக்கம் சாய்ந்து கிடக்கட்டும், அல்லது உருளைக்கட்டைகள் மேல் இழுத்து நிறுத்துங்கள். அடிப்பகுதி முழுதும் கண்ணுக்குத் தெரியும், எதையும் வெட்ட வேண்டாம், ஒரு சிறு ஊசியால் பிடித்து நிறுத்தினால் எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். ரெசினும் வேண்டாம், அணையும் வேண்டாம்.

எளிது என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் பல பிழைகளை மறைக்கும். சேறு எதையும் மறைக்காது. படகு சாய்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தாழ்ந்த பக்கத்துக்குச் சரிய வேண்டும். துடுப்பு, கயிற்றுச் சுருள், உள்ளே தேங்கிய கையளவு நீர் எல்லாம். கயிற்றுச் சுருளை மட்டும் நடுவில் ஒழுங்காக வைத்துவிட்டால் பார்ப்பவர் காரணம் சொல்லத் தெரியாமலேயே ஏதோ சரியில்லை என்பார். அடிக்கட்டை சேற்றில் பதிந்த பள்ளம், இழுத்து வந்த தடம், இழுத்தவர்களின் காலடிகள், அந்தக் காலடிகளில் தேங்கிய நீர். நீர் வடியும்போது விட்டுச்சென்ற சிறு ஓடைகள் தாழ்ந்த பக்கம் நோக்கியே ஓட வேண்டும். படகின் பக்கவாட்டில் நீர்க்கோட்டுக்குக் கீழே பாசிப் பச்சை, மேலே வெயிலில் வெளிறிய நிறம். படகு சாய்ந்து கிடந்தால் அந்தக் கோடும் படகோடு சேர்ந்தே சாய்ந்து, அதன் நீர்க்கோட்டோடுதான் போகும். புதியவர்கள் தரைக்கு இணையாகக் கோடு இழுத்துவிடுவார்கள்.

சேற்றுக்கு நிஜ மண்ணை எடுப்பதைவிட, ஓடு பதிக்கும் கிரவுட் பொடியையோ மிக மெல்லிய சல்லடையில் சலித்த கல்தூளையோ பசையில் குழைத்துப் போடுவது நல்லது. அளவுவிகிதம் பற்றி முன்பு சொன்ன கணக்கு இங்கேதான் உதவும்.

எப்போது இதுவே சரி: அடிப்பகுதியின் வடிவம் உங்கள் பெருமை என்றால். படகை வேறு பீடத்துக்கு மாற்றும் எண்ணம் இருந்தால். மண்ணையும் துருவையும் பாசியையும் தீட்டுவதில் உங்களுக்கு ருசி இருந்தால்.

## ஒரே பார்வையில்

| வழி | ஆழம் | அலை | படகை எடுக்கலாமா | காத்திருப்பு | எடை | திருத்த முடியுமா |
|---|---|---|---|---|---|---|
| எப்பாக்சி ரெசின் | மிக நன்று | தனியாக ஜெல் வேண்டும் | இல்லை | சில நாள் | அதிகம் | இல்லை |
| அக்ரிலிக் ஜெல் | குறைவு | மிக நன்று | தாள் சுற்றினால் | அடுக்குக்கு ஒரு நாள் | குறைவு | ஈரத்தில் மட்டும் |
| காகிதம், வார்னிஷ் | பெயின்டில் மட்டும் | நன்று | ஆம் | ஒரு வாரம் | மிகக் குறைவு | ஆம் |
| அக்ரிலிக் தகடு | நடுத்தரம் | மாற்ற முடியாது | ஆம் | ஒரு மாலை | நடுத்தரம் | இல்லை |
| தண்ணீரில்லாக் கரை | தேவையில்லை | தேவையில்லை | ஆம் | சில நாள் | குறைவு | ஆம் |

புற ஊதா ரெசினையும் சிலிகானையும் அட்டவணையில் சேர்க்கவில்லை. முழுப் பீடத்துக்கு அவற்றைப் போட்டியிலேயே நான் விடுவதில்லை.

## எந்த வழியானாலும்: விளிம்பு

பார்வை முதலில் போய் நிற்கும் இடங்கள் இரண்டு: நீர் படகைத் தொடும் கோடு, நீர் கரையைத் தொடும் கோடு. நடுவில் இருக்கும் தண்ணீர் சுமாராக இருந்தாலும் மன்னிப்பு உண்டு.

கரையில் ஈரம் ஓர் இடத்தில் சட்டென்று நிற்காது. நீரோரத்தில் முழுப் பளபளப்பு, சற்று மேலே பாதி, அதற்கும் மேலே முற்றிலும் மங்கல் என வார்னிஷை மூன்று படியாகப் பிரித்துத் தடவுங்கள். ஈர மண் உலர்ந்த மண்ணைவிடக் கருமை. அந்த மாற்றம் வளைந்து நெளிந்து போக வேண்டும். துறைச் சுவர், தறிக்கால் எதுவானாலும் நீரை ஒட்டிப் பாசிப் பட்டை, அதன் மேல் வெளிறிய உப்பு அல்லது உலர்ந்த சேறு.

கட்டி நிற்கும் படகுக்குப் பின்னால் நுரை வைக்காதீர்கள். ஓடும் படகானால், ஆழமான நீரில் அதன் பின்னே விரியும் அலையின் இரு கைகளும் நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு சுமார் 19.5 டிகிரி விலகும். 1887-இல் இயற்பியலாளர் கெல்வின் கணக்கிட்டுச் சொன்னது. படகு மெதுவாகப் போனாலும் கோணம் ஏறக்குறைய அதுவே. மிக வேகமான மோட்டார்ப் படகுகளில் அந்த விரிவு குறுகித் தெரியும். அட்டையில் அந்தக் கோணத்தை வெட்டி வைத்துக்கொண்டு நுரையைத் தீட்டினால், ஊகத்தில் போட்ட அலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு உடனே தெரியும்.

கட்டிய கயிறு விறைப்பாக நிற்கக் கூடாது. நூலை நீர்த்த பசையில் நனைத்து, நடுவில் சிறு எடை தொங்கவிட்டுக் காய வைத்தால் சரியான தொய்வு வரும். படகைப் பீடத்தின் விளிம்புகளுக்கு இணையாக வைக்காமல் சற்றுக் கோணலாகத் திருப்புங்கள். அது மட்டுமே பாதி உயிரைக் கொடுத்துவிடும்.

## உங்கள் படகுக்கு

1:35 துடுப்புப் படகு, கூழாங்கல் ஓடை: ரெசின், ஒரு சென்டிமீட்டருக்குள், மேலே மெல்லிய ஜெல். 1:72 பாய்மரப் படகு, கயிறுகள் ஏராளம், இன்னும் பத்தாண்டு பழுது பார்க்க வேண்டியிருக்கும்: காகிதம், எடுத்து வைக்கக்கூடிய பள்ளத்தோடு. 1:700 போர்க்கப்பல்: வாட்டர்கலர் தாள், வேறெதையும் யோசிக்காதீர்கள். பலகை பலகையாக ஒட்டிய மரப்படகு: கரையில் ஏற்றிவிடுங்கள். ஓரத்தில் மட்டும் தெளிவு வேண்டும், நடுவில் ஆழம் வேண்டும் என்பவர் இரண்டையும் கலக்கலாம்; கரையோரத்து ஒரு சாண் அகலத்துக்கு மெல்லிய ரெசின், அதற்கு அப்பால் தீட்டிய பரப்பு, இரண்டுக்கும் மேல் ஒரே ஜெல் அடுக்கு. சந்திப்பை அலை மறைத்துக்கொள்ளும்.

எதை முடிவு செய்தாலும், முதலில் பத்து சென்டிமீட்டர் சதுரப் பலகை ஒன்றில் அதே மண், அதே நிறம், அதே தண்ணீரைச் செய்து, நடுவில் ஒரு குச்சியை நட்டுவைத்து ஒரு வாரம் பாருங்கள். குச்சியில் எவ்வளவு ஏறியிருக்கிறது, ஓரம் சுருங்கியதா, விரலில் ஒட்டுகிறதா என்று கவனியுங்கள். என் அலமாரியில் அப்படிப் பதினொரு பலகைகள் இருக்கின்றன. அவற்றில் நான்கைத்தான் படகோடு திரும்பச் செய்தேன்.